‘நான் இல்லை’ என்று நீ அழுத்தியது

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அத்தை அடிக்கும் கடிதம். இங்கே எல்லாரும் சௌக்கியம், எல்லாரும் என்றால் நானும் உன் அத்தையும்தான், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன தடவை போனில் உன் குரல் கட்டியிருந்தது, சளியா, தூக்கம் கெட்டதா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அப்புறம் பேசறேன்பா என்று வைத்துவிட்டாய். குறையாகச் சொல்லவில்லை, நீ வேலைக்குள் நுழைகிற நேரம்தான் இங்கே எனக்குப் பேச ஆள் இல்லாத நேரம், அதற்கு நீ என்ன செய்வாய். எனக்கும் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததெல்லாம் தொண்டைக்குள் இறங்கிப்போய், சாப்பிட்டியா என்பது மட்டும்தான் வெளியே வருகிறது. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் மூடிவைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை பார்.

முன் அறையில் நீ ஆரம்பித்து அத்தையிடம் விட்டுப்போன டைப்பிங் கடையில் இப்போது வேலை நின்று கிடக்கிறது. பழைய கம்ப்யூட்டருக்கு முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, வெயில் ஏறினால் தானே அணைந்துகொள்கிறது. மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம், காற்று அதற்கு, வேர்வை எனக்கு. அத்தை புதிதாக ஒன்று வாங்கிவிட்டாள். மாட்டிக்கொடுக்க ரிப்பேர் கடைக்காரர் வந்தார், எதற்கெடுத்தாலும் மெதுவா மெதுவா என்பாரே அவர்தான், தெருவே இப்போது அவரை மெதுவா என்றுதான் கூப்பிடுகிறது. மற்றதையெல்லாம் மாற்றிவிட்டார். அத்தை விண்ணப்பமும் ஒப்பந்தமும் அடிக்கிற அந்த ஆபீஸ் சாஃப்ட்வேர்தான் மக்கர் செய்தது. அது நீ உன் பேரில் வாங்கியது, லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான், பழசிலிருந்து கழற்றினால்தான் புதுசில் ஒட்டும் என்றார். லைசென்ஸ் என்றால் வண்டி மாறினாலும் ஓட்டுகிறவன் சட்டைப்பையில்தானே இருக்கும் என்று நான் கேட்டேன். “ஐயா, மெதுவா, இது வண்டிக்குக் குடுத்த லைசென்ஸு, ஓட்றவங்களுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுப் பழசில் கழற்றினார். புதுசில் உன் கணக்கைப் போட்டார், பாஸ்வேர்டு அத்தைக்குத் தெரியுமே. உடனே உன் போனுக்கு ஒரு கேள்வி போகுமாம், நுழைவது நீதானா என்று. ஆமாம் நான்தான் என்று நீ அழுத்தினால் வேலை முடிந்தது என்றார். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம், வாசலில் கூப்பிட்டவருக்குக்கூட யாரும் பதில் சொல்லவில்லை. சிவப்பாக ஒரு வரி வந்தது. என்னம்மா போட்டிருக்கு என்றேன், அத்தை அடுப்பில் பால் வைத்தவள்போல உள்ளே போய்விட்டாள். மெதுவாதான் சொன்னார், “நான் இல்லைன்னு அழுத்திட்டாங்கய்யா” என்று.

கோபமில்லை கண்ணு. திருடன் எவனோ நுழைகிறான் என்று நினைத்திருப்பாய், புதுசுக்குக் கம்பெனிக்காரன் வைத்த பேர் அப்படி, எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கிறதாம், அதைப் பார்த்தா நானே போலீசைக் கூப்பிடுவேன் என்றார் மெதுவா. அந்தக் கேள்வியோடு நம் ஊர்ப் பேரும் உன் போனில் தெரிந்திருக்காதா என்று அவரைக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, “சில சமயம் பக்கத்து ஊரைக் காட்டும்யா” என்றார். நல்ல மனுஷன். இதை அடிக்க மாட்டேன், பிள்ளை மனசு கஷ்டப்படும் அண்ணா என்று அத்தை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அடி என்று அதட்டியிருக்கிறேன். ஏனென்றால் கஷ்டப்படுத்தச் சொல்லவில்லை. நான் ஒன்று கேட்டு நீ கையோடு பதில் சொல்லி எவ்வளவு நாளாயிற்று. இல்லை என்றாலும் அது உன் விரல்தானே. அந்த நிமிஷம் நீ முழித்துக்கொண்டு, கையில் போனோடு எங்கேயோ நின்றிருக்கிறாய் என்று தெரிந்தது. அன்றைக்குச் சோறு ருசித்தது.

ஆனால் பழசும் இப்போது திறந்து காட்டுகிறதே தவிர எழுத விடுவதில்லை, புதுசு உள்ளேயே விடுவதில்லை. இந்தக் கடிதத்தை அலங்காரமில்லாத வெறும் எழுத்துப் பக்கத்தில்தான் அத்தை அடிக்கிறாள். வீட்டு ஒப்பந்தம் அடிக்க வந்தவர், ரெண்டு கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்க, ரெண்டும் ஷோவுக்கா என்று கேட்டுவிட்டு மூலைக்கடைக்குப் போய்விட்டார். அத்தை தன் பேரிலேயே புதிதாக வாங்கிவிடலாம் என்கிறாள், மெதுவாவும் அதுதான் சுலபம் என்கிறார். குறுக்கே நிற்பது நான்தான். காரணம் சொன்னால் சிரிப்பாய். அந்தத் திரையின் மேல் மூலையில் ஒரு வட்டம், அதற்குள் மூடியில்லாத பெட்டி மாதிரி ஓர் எழுத்து இருக்குமே, உன் பேரின் முதலெழுத்து. நீதான் காட்டிக்கொடுத்தாய். எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். நீ போனபிறகு தினமும் காலையில் அத்தை கம்ப்யூட்டரைப் போட்டதும் வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன், அத்தை நான் டீ டம்ளர் வைக்க வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வட்டத்துக்குள் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அத்தை பேரில் வாங்கினால் அத்தை எழுத்து வரும், அவளை நான்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேனே.

பழசை நீ வாங்கிவந்த அன்று மழை. அட்டைப்பெட்டிக்கு உன் துப்பட்டாவைப் போர்த்திவிட்டு நீ நனைந்து வந்தாய், இடது பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாய், அம்மா துண்டை எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். கம்ப்யூட்டர் பேர் கேட்குதுப்பா, என்ன வைக்கலாம் என்றாய். பெட்டிக்கு எதுக்கடி பேரு என்றேன். ‘அப்பா பெட்டி’ என்று அடித்துவிட்டு நீயும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். அது நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. மெதுவாவைக் கூப்பிட்டு, கம்பெனிக்காரன் வைத்த பேரை எடுத்துவிட்டு அந்தப் பேரையே புதுசுக்கும் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டார், சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அத்தை கடை திறந்ததும் மறுபடியும் கேள்வி அனுப்புவார்கள். பேரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல். வராவிட்டால் திங்கட்கிழமை அத்தை தன் பேரில் வாங்கிக்கொள்ளட்டும், அவள் பிழைப்பு, அதற்கு மேல் குறுக்கே நிற்க மாட்டேன். சளி இருந்தால் ராத்திரி தலைக்குக் குளிக்காதே, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இரு தங்கம்.

உன் அப்பா.

கீழே இருப்பது மட்டும் நானே அடித்தது, அத்தை சொல்லித்தரவில்லை, தேடிக் கண்டுபிடித்தேன்.

ப