பதினெட்டு ரூபாய்க் கத்தரி

உங்களுக்கு,

களி சட்டியில் இருக்கிறது. மொச்சைக் குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். நான் உத்தனப்பள்ளிக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளை மதியம் வந்துவிடுவேன்.

சாயங்காலம், பெங்களூர் போகும் முனிவேல் வருவார். அங்கே கடையில் திருப்பிக் கொடுக்க, நீங்கள் வாங்கிய ரோஜாச் செடி வெட்டும் கத்தரியைக் கேட்பார். இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நேற்று, “நாலு பூச்செடிக்குப் பதினெட்டு ரூபாயில கத்தரியா? ஒன்றரை ரூபா ஆட்டுக் கத்தரி வெட்டாதா?” என்று சத்தம் போட்டது நான்தான். திருப்பச் சொன்னதும் நான்தான். நீங்கள் அதைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினீர்கள்.

என் பேச்சை மெய்ப்பிக்க, காலையில் ஆட்டுப் பண்ணை ஆளிடம் ஆட்டு மயிர் வெட்டும் கத்தரியை இரவல் வாங்கி, சிவப்பு ரோஜாவின் கிளையில் வைத்தேன். தண்டு நசுங்கி நார்நாராகத் தொங்கியது. கோபத்தில் உங்களுடையதைப் பிரித்தேன். ஒரே அழுத்து, வெண்ணெய் மாதிரி இறங்கியது. பிறகு கை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏனக்கா, ரோஜாவுக்கு மொட்டை போடறதா வேண்டுதலா?” என்றாள்.

கொல்லையைப் பார்த்துப் பதறாதீர்கள். துளிர்க்கும்.

பதினெட்டு ரூபாய் இப்போதும் அநியாயம்தான்.

வெங்கடம்மாள்

கத்தரியைத் தேட வேண்டாம். என் பையில் இருக்கிறது. அக்கா வீட்டிலும் ரோஜா உண்டு.

விலை கேட்டால் ஆறு ரூபாய் என்று சொல்லப்போகிறேன். அக்கா வீட்டுக்காரர் விசாரித்தால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.