ஜட்ஜின் தலைக்கு மேல் ஒரு டப்பா

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடைசிப் பாம்புக் குஞ்சும் சட்டை உரித்துவிட்டது. முதல் சட்டை கழன்ற பிறகுதான் இவற்றுக்குப் பசியே வரும். டப்பாவுக்கு ஒரு எலிக்குஞ்சு வீதம் போட்டேன். பள்ளிக்கூட அடுக்களையில் பகலெல்லாம் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்தும் பரிமாறல். எல்லாம் விழுங்கிவிட்டன, அந்தச் சிவப்பைத் தவிர.

அது எல்டனின் செல்லம். நெடுஞ்சாலைத் துறையில் பாலம் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து என் பாம்பு அறையே கதி என்று கிடக்கிறான். அந்தக் குஞ்சு முட்டையைக் கிழித்துத் தலை நீட்டியபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை இந்த அறைக்குள் எட்டிப் பார்க்காத மனுஷன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடியும் தொடவில்லை. வராந்தாவில் ஒரு பச்சைப் பல்லியைப் பிடித்து எலிக்குஞ்சின் மேல் தேய்த்து வைத்தேன். காட்டில் இந்தச் சோளப்பாம்பு வகைக் குஞ்சு முதலில் தின்பது பல்லியைத்தான். வாசனைக்கு ஏமாந்துவிடும் என்று பார்த்தால், இது வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது.

முதல் ஒன்றிரண்டு வேளை மறுப்பது சகஜம். ஆனாலும் வழக்கப்படி டப்பாவை ஜட்ஜின் பெட்டி மேல் வைத்தேன். சாப்பிடாத குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் இடம். தின்றவற்றோடு கலந்தால் கணக்கு குழம்பும். கம்பிவலை மூடிக்குக் கீழே ஜட்ஜ் சுருண்டு கிடக்கிறான். கறுப்புத் தடியன், பாம்பையே தின்கிற பாம்பு. அந்த இடத்துக்குக் ‘காத்திருப்போர் அறை’ என்று நான்தான் பெயர் வைத்தேன். ஒரு மாதத்துக்குள் தானாகத் தின்னாத குஞ்சு ஜட்ஜுக்குப் போகும். பாம்பு வளர்ப்பவர்களில் பலர் செய்வதுதான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இல்லை.

எல்டன் அதற்குப் பெயர் வேறு வைத்திருக்கிறான். பட்டன்.

“சாப்பிடாததுக்குப் பேர் வைக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல?”

“பேர் வச்சா பசி செத்துடுமா?”

“நாளைக்கு நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ.”

“அது நாளைக்குத்தானே தாயே, இன்னைக்கு விடு.”

செப்டம்பர் 3, புதன்

முதுகெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது, துணியில் தையல் தெரிவது போல. இன்று இடுக்கியால் வாயைத் திறந்து கொஞ்சம் உள்ளே தள்ளினேன். எனக்கே பிடிக்காத வேலை. எல்டன் அறையை விட்டு வெளியே போய்விட்டான். சாயங்காலம் பார்த்தால் எல்லாவற்றையும் கக்கி வைத்திருக்கிறது. இனி அப்படிச் செய்யமாட்டேன். இன்னொரு முறை கக்கினால் உயிர் தங்காது.

“தின்னலைன்னா என்ன, சும்மா யாருக்காவது குடுத்துடேன்” என்கிறான். கொடுத்திருக்கிறேன். தொழில் தெரியாத காலத்தில், பாவம் பார்த்து, ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அந்த வீட்டுச் சின்னப் பெண்ணின் உள்ளங்கையிலேயே செத்தது. அவள் போனில் அழுத அழுகை. அதற்கு ஜட்ஜ் எவ்வளவோ மேல். ஒரு நொடியில் முடிந்துவிடும். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

செப்டம்பர் 8, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் வழக்கம்போல் ஜட்ஜின் பெட்டியைச் சுத்தம் செய்து, அவனை எடுத்துக் கழுத்தில் போட்டுக் கொஞ்ச நேரம் கொஞ்சிவிட்டு, பிறகு குஞ்சுகளுக்குத் தீனி வைத்தேன். சிவப்பு தொடவில்லை. மூடியைத் திறந்ததுமே வாலை அடிக்கிறது.

“ஒன்னக் கண்டாத்தான் அது ஆடுது. நான் தெறந்தா பேசாம கெடக்கு” என்றான் எல்டன்.

“ஆமா, நான் பேய், நீ தேவதூதன்.”

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

செப்டம்பர் 13, சனி

கெடு வெள்ளிக்கிழமை. குஞ்சு நூல் மாதிரி ஆகிவிட்டது.

எல்டன் வெண்டைக்காய் வறுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னான்: “வெள்ளிக்கிழமை நீ அதச் செஞ்சா என்னால பாத்துக்கிட்டு இந்த வீட்ல இருக்க முடியாது, கொரின்.”

“எங்க போவ?”

“தெரியல.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். தெரியல என்றதும் பயமாகிவிட்டது. ஒரு பாம்புக் குஞ்சுக்காகவா? இல்லை, வேறு ஏதோ வெகுநாளாக உள்ளே கிடந்து இப்போது வெளியே வருகிறதா? சட்டத்தைத் தளர்த்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒன்றுக்குத் தளர்த்தினால் மற்றவை என்ன பாவம் செய்தன?

செப்டம்பர் 18, வியாழன்

டப்பாவைக் காணோம்.

அறை முழுக்கத் தேடிட்டேன். அவன் வண்டிய எடுத்துட்டு எங்கயோ போயிட்டான். போன் எடுக்கல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுக்கென்ன? நான் என்ன அவ்வளவு கொடுமைக்காரியா, என்கிட்டருந்து ஒளிச்சு வைக்க?

சாயங்காலம் வந்தான். கடைக்குப் போனானாம். கேட்டதற்கு, “நாளைக்குச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னான்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் டப்பாவைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவனுடைய காலுறை அலமாரிக்குள் இருந்திருக்கிறது, எலிக்குஞ்சோடு. நூல் மாதிரி உடம்பின் நடுவில் ஒரு முடிச்சு. தின்றிருக்கிறது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஒன் காலுறை நாத்தம் அதுக்குப் பிடிச்சுப்போச்சு” என்றேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எத்தனை வாரம் ஆயிற்று இந்த வீட்டில் சிரித்து.

செப்டம்பர் 24, புதன்

ஒரு வேளை தின்றதால் தேறிவிட்டது என்று ஆகாது. மூன்று வேளை தின்னும்வரை பழைய இடம்தான். ஜட்ஜின் மேலேயே வைத்தேன்.

தின்னவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

இன்றும் இல்லை. மூலையில் சுருண்டு வாலை அடிக்கிறது. அலமாரியில் தின்றது தற்செயல் என்று எல்டனிடம் சொன்னேன்.

அவன் கம்பிவலை வழியாக ஜட்ஜைக் குனிந்து பார்த்தான். “இவன் தலைக்கு மேல என் தட்ட வச்சா எனக்கும் எறங்காது” என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க அதுவே மண்டைக்குள் ஓடுகிறது.

அக்டோபர் 2, வியாழன்

ஜட்ஜைத் தொடவில்லை. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். புது டப்பா, புதுக் காகிதம். சமையலறைக்குக் கொண்டுவந்து எலிக்குஞ்சை வைத்தேன். மூடியை எடுத்து வருவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது.

சந்தோஷப்படணும். படல.

வாசனை. அவ்வளவுதான். தன்னைத் தின்கிறவனின் வாசனை கீழிருந்தும் வருகிறது, தீனி கொடுக்கிற கையிலிருந்தும் வருகிறது. எது வாய் திறக்கும்? அது கோபத்தில் வாலை அடிக்கவில்லை, பயத்தில் அடித்தது.

அந்த இடத்துக்குப் போன குஞ்சு ஒன்றுகூடத் தின்றதில்லை. ஒருநாளும் ஒன்றுகூட இல்லை. அதைத்தான் நான் கண்காட்சிகளில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: பார்த்தீர்களா, பலவீனமான குஞ்சை நான் முதலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று. கடவுளே, நான்தானா. அத்தனைக்கும் நான்தானா.

அக்டோபர் 5, ஞாயிறு

ஜட்ஜை வெளிக் கொட்டகைக்கு மாற்றினேன். அவன் என்ன செய்வான், கொடுத்ததைத் தின்றான். எல்டன் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

அக்டோபர் 11, சனி

இரண்டாவது முறை பொரித்த குஞ்சுகளுக்கு இன்று முதல் தீனி. ஒன்று தொடவில்லை. சாம்பல் நிறம், ரொம்பச் சின்னது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன். பிறகு சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன். எல்டன் அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். தோலையெல்லாம் ஒதுக்கி இடம் கொடுத்தான்.

“கொரின், முன்னாடி அங்க வச்சதெல்லாம்…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“ஆமா” என்றேன்.

அவன் எழுந்துபோய் விளக்கைக் குறைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். டப்பா அசைந்துவிடாமல் இருக்க, இருவரும் மேசை மேலிருந்து கையை எடுத்துக்கொண்டோம்.