முன் ஸ்பீக்கருக்கு இன்னும் கொஞ்சம் பவர்

3 ஜூன் 2007, ஞாயிறு

இவர் மறுபடி குரோம்பேட்டை போயிருக்கிறார், ஜலால் கடைக்கு. ஹோம் தியேட்டரில் முன்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கருக்கும் பவர் பத்தலையாம். போன தீபாவளிக்கு வாங்கினபோது வீடே அதிருதுன்னு குதிச்ச மனுஷன். பெட்டி அதே, ஹால் அதே. இப்போ மட்டும் என்ன குறைஞ்சுபோச்சு? கேட்டால் "தாம்பரத்துல வோல்டேஜே சரியில்ல சாவித்ரி" என்கிறார். ஃபேன் நல்லாத்தானே சுத்துது?

10 ஜூன்

ஜலால் வந்தார். ரிசீவரின் பின்பக்கத்திலிருந்து ஒயர் எடுத்து, முன் ஸ்பீக்கர்களுக்கென்றே தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் மாட்டினார். போட்டதும் ஷோகேஸில் டம்ளரெல்லாம் ஆடியது.

"போதுமா சார்?"

"இன்னும் ஏத்து. வசனம் வர்ற நடு ஸ்பீக்கரைக் கழட்டிடு. பேச்சையும் முன்னாடிக்கே தள்ளிடு."

"படத்துல அவங்க பேசறது பம்மல் வரைக்கும் கேக்கும் சார்" என்று ஜலால் சிரித்தார். இவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. ஜலால் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு என்னமோ இடிக்கிறது.

14 ஜூன்

நான் குளித்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் மேல் விசில். அடுக்களைக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பருப்பு தீய்ந்துபோச்சு. "கவனிக்கல" என்கிறார். நம்பணுமா நான்?

24 ஜூன்

ஏசுபாதம் அண்ணா சாப்பிட வந்தார். இவர் மின்சார ரயில் ஓட்டுகிறார் என்றால், அண்ணா பின்னாலிருந்து மணியடிக்கிற கார்டு. இவர் கை கழுவப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "வண்டியில உன் வீட்டுக்காரன் கனவு காண்றானாம்மா? கிளம்பச் சொல்லி ரெண்டு மணி அடிக்கிறேன், அசையறதில்ல. திரும்ப அடிக்க வேண்டியிருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காதுதான் கோளாறுன்னு தெரிஞ்சா வண்டி ஓட்ட விடமாட்டாங்க. இவர் எதை விட்டாலும் அந்த வேலையை விடமாட்டார்.

1 ஜூலை

சோதித்துப் பார்த்துவிட்டேன். டிவி அணைத்திருந்தது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "அச்சுதன்" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயால் இவர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பொண்ணு மிருதுளாவைத்தான் சொல்ல வைப்பேன். மறுபடி, "அச்சுதன்." பிரஷ் நிற்கவில்லை.

என்னடி திமிரான்னு திரும்பி ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா, மனுஷன்!

3 ஜூலை

நேராகவே கேட்டேன். "லூசா நீ? ஸ்பீக்கர்ல பவர் இல்ல, அவ்ளோதான்." அப்புறம், என்னைப் பார்க்காமல்: "வண்டியிலேர்ந்து இறக்கினா நான் செத்த பொணம் சாவித்ரி. இந்தப் பேச்சை எடுக்காதே."

ஆக, அவருக்கும் தெரியும்.

9 ஜூலை

எப்போதும் இவர் வண்டி வந்தால் ஒரு பெருமையோடு ஏறுவேன். இன்று கார்டு பெட்டியை ஒட்டிய லேடீஸில், வேவு பார்க்கிறவள் மாதிரி ஏறினேன். பல்லாவரத்தில் ரெண்டு மணி. வண்டி நின்றது நின்றபடி. மறுபடி ரெண்டு மணி. கிளம்பியது. பக்கத்தில் ஒருத்தி குழந்தைக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலேஜ் பெண்கள் வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

இன்னைக்குக் கிளம்பற மணி. நாளைக்கு நிறுத்தச் சொல்லி அடிக்கிற மணி கேக்கலைன்னா?

11 ஜூலை

கிண்டியில் என் ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டேன். இவருடைய மேலதிகாரி தட்சிணாமூர்த்தி சாரிடம் சொல்லிவிட்டேன். "என் பேர் வெளிய வரக் கூடாது சார்." "வராதும்மா, போங்க."

கட்டின புருஷன் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேனா?

20 ஜூலை

திடீரென்று டெஸ்டுக்குக் கூப்பிட்டார்களாம். இடது காது சுத்தமாகப் போச்சு. வலதில் கொஞ்சம் மிச்சம். வண்டி கிடையாது, இனி மேஜை வேலை.

22 ஜூலை

"ஏசுபாதம்தான் போட்டுக் குடுத்துட்டான். கூட உக்காந்து சாப்பிட்ட துரோகி." காலையிலிருந்து இதே பேச்சு. அண்ணா வந்தபோது இவர் கதவைத் திறக்கவில்லை. கீழே இறங்கி வெயிலில் நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார் பாவம். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை.

29 ஜூலை

தாங்க முடியவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு எதிரில் போய் நின்றேன்.

"நான்தான் சொன்னேன்."

"என்ன?"

"நான்தான் சொன்னேன்னு சொல்றேன்."

"என்னடி முணுமுணுக்கறே?"

மெதுவாகச் சொல்கிற விஷயத்தைக்கூட இந்த வீட்டில் மெதுவாகச் சொல்ல வழியில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்: "ஏசுபாதம் அண்ணா இல்ல! ஆபீஸ்ல போய்ச் சொன்னது நான்!" எதிர் ஃப்ளாட் முனிரத்தினம் சார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பயந்துபோய் இருந்தேன். அப்புறம் ஏசுபாதம் அண்ணா போன் பண்ணினார். "இங்கதாம்மா இருக்கான். என் கையைப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கான். சாப்பிட வெச்சு அனுப்பறேன்."

5 ஆகஸ்ட்

என்னோடு பேச்சு இல்லை.

13 ஆகஸ்ட், திங்கள்

இன்னும் இல்லை. டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். ஹால் பக்கம் போவதே இல்லை. பேசட்டும், பேசாமல் போகட்டும், நான் செய்தது செய்ததுதான்.

காலை வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. இனி மணியை எண்ண வேண்டியதில்லை. குரோம்பேட்டை தாண்டினது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தால் மாம்பலம்! கிண்டி எப்போதோ போய்விட்டது. எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடி, அடுத்த வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன். ஏன் லேட்டுன்னு மேனேஜர் கேட்டார்.

ரயில்ல தூங்கிட்டேன் சார்னு சொன்னேன்.