எட்டுப் பாகைச் சரிவு

2024 நவம்பர் 12, செவ்வாய், காலை 7.40. லடாக்கிலிருந்து றிஸ்மின் அனுப்பிய படங்கள் பதினான்கு. பதினொன்றில் அவனேதான் நிற்கிறான்.

சோலார் கம்பனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் ஆடு மேய்த்துக் கூடாரத்தோடு இடம் மாறுகிற குடும்பங்களுக்கு விளக்குப் பூட்ட ஒருவர் தேவை என்றார்கள். ஓநாய் வராமல் ஆட்டுப் பட்டிக்கு விடியும்வரை வெளிச்சம் வேண்டுமாம். ஆளைத் தெரிய வைத்த பரீட்சையில் எனக்குத்தான் கூடப் புள்ளி. போனது அவன். முதலாளி ஜவ்பர் நானா சொன்ன காரணம்: “உன்ட கை நல்லம் மகன். வாய்தான் சரியில்ல.”

கடைசிப் படத்தைப் பெரிதாக்கினேன். சோலார் பனல் படுத்துக் கிடக்கிறது. எட்டுப் பாகை! நம்ம கற்பிட்டியில் பூட்டுகிற மாதிரியே பூட்டியிருக்கிறான், மடையன். இங்கே சூரியன் தலைக்கு மேல். அங்கே தெற்கே சாய்ந்தே போகும். நாற்பது பாகையாவது நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் பெட்டரி நிறையாது, விழுகிற பனியும் வழியாது.

சொல்லவில்லை. போனவனுக்குத் தெரியாதா?

நவம்பர் 14

என் உம்மா அவன் படத்தை எங்கள் கரைத்தீவு முழுக்கக் காட்டுகிறா. “பாரு மகன், ஆட்டுக்குட்டிய எவ்வளவு வடிவாத் தூக்கி வெச்சிருக்கான்.” — குட்டி தூக்கவா பரீட்சை வைத்தார்கள்?

நவம்பர் 15

றிஸ்மினின் குரல் செய்தி. “மச்சான், சுபஹுத் தொழுகைக்கு முன்னுக்கே லைட் நூர்ந்து இருட்டாப் போகுதுடா. பெட்டரி புதுசு. என்னடா பிழை? உனக்குத்தான் விளங்கும்.”

உனக்குத்தான் விளங்கும். மூன்று தரம் கேட்டேன். பதில் போடவில்லை. இன்னும் கொஞ்சம் முழிக்கட்டும்.

நவம்பர் 16

வேலை.

நவம்பர் 18

ஓநாய் பட்டிக்குள் இறங்கிவிட்டது. ஒன்பது ஆடு செத்தது. றிஸ்மின் அழுதுகொண்டே ஃபோன் எடுத்தான். “ஆட்டுக்காரி டோல்கர் ஏசவே இல்லடா. செத்த ஆட்டத் தோலுரிச்ச கையக் கழுவிட்டு வந்து எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தாடா.”

அந்த நேரத்திலும், அந்தத் தேத்தண்ணி அவனுக்குத்தானே கிடைத்தது என்று ஒரு நினைப்பு ஓடியது. த்தூ.

நாற்பது பாகை, தெற்குப் பக்கம் என்றேன். சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“எப்படா கண்டுபிடிச்சாய்?”

“இப்பதான்.”

“அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும் மச்சான்.”

எனக்கு துஆ வேற! என்ன செஞ்சு வெச்சிருக்கன் நான்?

நவம்பர் 19

நேற்றிரவு லைட் விடியும்வரை எரிந்ததாம். ‘எல்லாம் என்ட பிழை’ என்று அவன் ஜவ்பர் நானாவுக்கு எழுதிவிட்டான். எல்லாம் இல்லை.

1. றிஸ்மினுக்கு ஃபோன் எடுப்பது. இன்றே.
2. “இப்பதான்” என்றது பொய், படம் வந்த அன்றே கண்டுவிட்டேன் என்று சொல்வது. ஜவ்பர் நானாவிடமும்.
3. டோல்கருக்கு அதை அப்படியே சொல்லச் சொல்வது.
4. அவன் ஏசி முடியும்வரை ஃபோனை வைக்காமல் இருப்பது.