நான் கவிழ்க்காத கூடை

தருவைகுளம்
நவம்பர் 9, ஞாயிறு

என் அன்புப் பேத்தி ஜெமிக்கு உன் ஆச்சி பிரகாசி கைப்பட எழுதுவது. நான் சுகம். அந்தக் குளிரில் உன்னையும் உன் நெஞ்சுச் சளியையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

நீ அனுப்பிய கம்பளிச் சால்வை வந்தது. இங்கே போர்த்தினால் வேர்த்து ஊற்றுகிறது. ஆனாலும் இன்று பூசைக்குப் போர்த்திக்கொண்டுதான் போனேன். பக்கத்து வீட்டு ஜெபசுதா, ஆச்சிக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். ஏளா, இது எஸ்தோனியாவிலிருந்து வந்தது, என் பேத்தி அங்கே டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதற்கும் மேலே என்று சொன்னேன். சால்வையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

புயல் எச்சரிக்கை என்று நாலு நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. மஸ்கட்டிலிருந்து உன் அப்பன் போன மாதம் பேசினான். இந்த மாதம் இன்னும் பேசவில்லை. உன் அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மட்டும் திறந்து கூட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டதற்கு வருகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நாட்டிடம் அணுகுண்டு இருக்கிறது, அது மேலே விழாமல் சின்ன நாடுகள் சேர்ந்து எப்படித் தடுப்பது என்பதுதான் உன் படிப்பு. இப்போது அங்கே எல்லாருக்கும் பயம், உன்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள் என்றாய். இன்னும் மூன்று வருஷம் இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆனால் ஆச்சி வா என்று சொன்னால் வந்துருதேன், கிறிஸ்துமசுக்குள் சொல்லு என்றாய். போனில் சொன்னால் நீ என் குரலைத்தான் கேட்பாய், சொல்லைக் கேட்க மாட்டாய். அதனால்தான் கடிதம்.

தொம்மை முதலாளி கதையையும் கேட்டாய், அங்கே கூட்டத்தில் பேசுவதற்கு. அதை உனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லியிருக்கிறேன். ஒரு இடத்தை மட்டும் மறைத்தே சொல்லியிருக்கிறேன்.

தொம்மை வலை போட மாட்டான். வெடிமருந்து அடைத்த தோட்டாவைக் கொளுத்திப் பார்மேல் எறிவான். கடலுக்குள் மீன் அடைகிற பாறைத் தரைதான் பார். குஞ்சும் முட்டையும் சேர்த்துச் சாகும். தட்டிக் கேட்கப் போனால் ஒரு கையில் பீடி, ஒரு கையில் தோட்டா. கிட்ட வாங்கலே பாப்போம், என் வள்ளமும் போவும் உங்க வள்ளமும் போவும் என்பான். நாமும் தோட்டா வாங்கி வைப்போம் என்று உன் தாத்தா குதித்தார். அடுப்பும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் அதை எங்கே வைப்பீர் என்று கேட்டேன். அடங்கிவிட்டார்.

அப்போதுதான் நாலு ஊரும் கோவிலில் கூடி ஒரு முடிவு எடுத்தோம். எந்த ஊர்ப் பாரில் தோட்டா விழுந்தாலும் அவன் மீனை நம் கரை ஏலத்தில் யாரும் கேட்கக் கூடாது. வியாபாரப் பெண்கள் எல்லாரும் கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சம்மதம் என்று முதலில் கை தூக்கியவள் நான்.

தொம்மை கெட்டிக்காரன். நம் பாரை விட்டுவிட்டு, நாலு ஊரில் சின்னதான, பதினெட்டே வள்ளம் உள்ள வடக்கூர்ப் பாரில் எறிந்தான். அந்தப் பயலுவளுக்காவ இவளுவ பட்டினி கிடப்பாளுவளோ என்று சிரித்தானாம். கரையில் விளமீனாகக் கொட்டினான். தோட்டா மீனை அமுக்கினாலே தெரியும், முள் உடைந்து சதை கொழகொழ என்றிருக்கும். அமுக்கினேன். தெரிந்தது. வீட்டில் இரண்டு நாளாக உலை சரியாக வைக்கவில்லை. பதினெட்டு வள்ளத்துக்காக நான் ஏன் கூடையைக் கவிழ்க்க வேண்டும் என்று தோன்றியது. ஏலத்தில் விலை கேட்டேன். என் பின்னால் ஐந்தாறு பேர் கேட்டார்கள்.

நம் வாக்கு எவ்வளவு பெறும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறு வாரமே அதே பாரில் எறிந்தான். கீழே முங்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்தார் வடக்கூர் இன்பமணி. உயிர் பிழைத்தார், இரண்டு காதும் போயிற்று.

அன்றைக்கு என் கூடையை முதலில் கவிழ்த்தேன். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். மூன்று நாள் அவன் மீன் கரையில் நாறியது. நாலாம் நாள், வலை போட்டுப் பிடித்து வா, உன் மீனுக்குத்தான் முதல் ஏலம் என்று சொல்லி அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து வந்தான், மீசையை முறுக்கிக்கொண்டுதான் வந்தான். வலையோடு வந்தானே, போதும் என்று விட்டோம். அவன் சாகிற வரைக்கும் தோட்டா அவன் வீட்டில்தான் இருந்தது. யாராலும் பிடுங்க முடியவில்லை. அவன் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்பமணி இப்போதும் பூசைக்கு வருகிறார். என்னைப் பார்த்தால் கும்பிடுவார். நான் அன்று விலை கேட்டது அவருக்குத் தெரியாது. சொன்னாலும் அவர் காதில் விழாது. நீ பேசும்போது இதையும் சேர்த்துச் சொல். ஆச்சி பெயரைப் போட்டே சொல்.

அதனால் உன்னை வா என்று நான் சொல்லவில்லை. பயம் வந்ததும் ஒவ்வொருத்தராகக் கிளம்பினால் அந்தச் சின்ன நாட்டுக்காரர்கள் யாரை நம்பி இருப்பார்கள்? உன்னை வளர்த்தவள் சொல்கிறேன், கொடுத்த வாக்குக்கு இரு. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. குளிர் காலத்துக்கு நல்ல செருப்பு வாங்கு.

மூன்று வருஷம் முடிந்த மறுநாளே கிளம்பி வந்துவிடு. இன்னும் ஒரு நாள் கூடுதலாக இருக்கிறேன் என்று அங்கே யாருக்கும் சொல்லிவிடாதே. எனக்கு எழுபத்தொன்பது ஆகிறது. ஆனாலும் நீ வந்து இறங்குகிற அன்று வாசலில் நான் நிற்பேன். இதை நான் வாக்காகவே எழுதித் தருகிறேன்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு,
ஆச்சி பிரகாசி