வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கதவு

எனக்குக் கதவு திறந்துவிட்டே கை பழகிய என் மாப்ளே முருகேசா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்றுக் காலை உன் பழைய பிக்கப் வண்டிக்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

முதலில் ஊர்ப் பேச்சு. உன் படத்துக்கு மாலை போட வந்த உன் பங்காளி சின்னச்சாமி, வாசலில் நின்ற வண்டியின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். அதற்குப் பிறகு மூன்று தடவை வந்து விலை கேட்டுவிட்டான். உன் பொண்டாட்டி, அதாவது என் தங்கச்சி செல்வி, அசையவில்லை. கம்பத்தில் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸே வாங்கிவிட்டாள். தோட்டத்துத் திராட்சையை இனி அவளே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாளாம்.

"வித்துருத்தா" என்று நானும் சொன்னேன்.

"நீ ஓட்டுறியாண்ணே?" என்று கேட்டாள்.

சைக்கிளிலிருந்து இறங்கவே இந்த வயதிலும் விழுந்துதான் இறங்குகிறேன். "நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து தைரியம் சொல்றேன்" என்றேன். என்னிடம் இல்லாத சரக்கைத் தருவதாக ஒப்புக்கொண்டேன், பார்த்தாயா?

உன் வண்டி லட்சணம் உனக்குத் தெரியும். இடது கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது, கண்ணாடியும் இறங்காது. ஒவ்வொரு தடவையும் நீ சுற்றி வந்து திறந்துவிடுவாய், நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்குவேன். உன் காரியத்தன்று யாரோ ஓட்டினார்கள். எல்லாரும் இறங்கிப் போனபிறகும் நான் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். யார் வந்து திறப்பார் என்று காத்திருந்தேன் மாப்ளே?

வலது கதவு அதைவிட மோசம். ஜன்னல் ரப்பருக்குள் கம்பி விட்டுத் திருடன் தூக்கிவிடுவான் என்று உள்பக்கம் இருந்த பூட்டுக் குமிழையே பிளேடால் அறுத்து எறிந்தாய். வெளியே பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவன் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது. அதோடு விட்டாயா? "எறங்குனா பூட்டு, பூட்டுனா சாவிய இடுப்புல சொருகு" என்று அவளுக்கு மந்திரம் மாதிரி வேறு சொல்லி வைத்தாய்.

நேற்று லோயர் கேம்ப் பக்கம் கால்வாய்க் கரையில் போனோம். தண்ணீர் கரை முட்ட ஓடியது. குறுக்கே ஓர் ஆடு பாய, இவள் இடது பக்கம் ஒடித்தாள். முன்சக்கரம் கரையை விட்டு இறங்கிவிட்டது. என் பக்கத்துக் கண்ணாடியில் சாலை இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சக்கரத்துக்குக் கல் வைக்கக் குதித்து இறங்கினாள். இறங்கியவள் பழக்கத்தில் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்!

வலது கண்ணாடி பாதிதான் இறங்கும். தலை வெளியே போனது, தொந்தி போகவில்லை. எனக்கு நீச்சல் தெரியும் என்று உன்னிடம் அளந்ததெல்லாம் பொய் மாப்ளே. வண்டி ஒரு முனகல் முனகி இன்னும் கொஞ்சம் சரிந்தது. மூத்திரம் முட்டியது. அழுதேன்.

கல் வைத்துவிட்டு ஓடிவந்தவள் சாவியைப் போட்டுத் திருகினாள். சுற்றவில்லை.

"சனியன் திரும்ப மாட்டேங்குதுண்ணே! அவுக எப்பிடித் தொறப்பாக? நீதான கூடவே திரிஞ்ச, சொல்லு!"

உன் முழங்கால்தான் கண்ணுக்கு வந்தது. எத்தனை வருடம் அந்தக் கதவருகே நின்று உன்னைக் கேலி செய்திருப்பேன்!

"சாவிய முழுசா விடாதத்தா. ஒரு அரிசி அளவு வெளிய இழு. முழங்காலால கதவ முட்டு. முட்டிக்கிட்டே திருப்பு."

'டக்' என்றது. என் காலரைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போட்டாள்.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து வண்டியை மேலே இழுத்தது. "போதும் செல்வி. சின்னச்சாமிக்கே குடுத்துருவோம்" என்றேன். அவள் அப்படியே வண்டியைச் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து, நீ நிற்பாயே, அதே மாதிரி நின்றாள்.

"ஏறுண்ணே. நீ ஏறலேன்னா நான் இனிமே இதத் தொட மாட்டேன்."

ஏறினேன். ஊர் வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

நாளைக் காலையும் போகிறோம், அதே கரைதான். அவள் தனியாக மார்க்கெட் போய்த் திரும்பும் நாள்வரை அந்தச் சீட்டில் உட்காருவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. நீ அறுத்த இடத்தில் இன்றே புதுக் குமிழ் மாட்டிவிடுவேன், திருடன் வந்தால் வரட்டும். இடது கதவுக் கைப்பிடியை மட்டும் சரிசெய்ய மாட்டேன். யாராவது சுற்றி வந்து எனக்குத் திறந்துவிட வேண்டும்.

இறங்கத் தெரியாத உன் மச்சான்,
பாண்டி