பின்வளவுப் பாதரசப் பீப்பா

கப்பல்துறை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜுமானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புகளுக்குக் குறையில்லை, மனதுகளுக்குத்தான் சுகமில்லை. நோர்வேக் குளிர் உன்னைத் தொடாமல் இருக்கத் துஆச் செய்கிறோம்.

துறைமுகப் பக்கம் மூடிக்கிடந்த தொழிற்சாலையில் நான் பழைய இரும்பு எடுத்தபோது, பாதரசம் கலந்த சேறும் ஒரு பீப்பா சேர்ந்து வந்தது உனக்குத் தெரியும். அதைப் பிரித்தெடுப்பது எப்படி என்று, அங்கே பாதரசக் கழிவைப் பற்றியே படிக்கிற உன்னிடம் போனில் கேட்க, நீ "சுடவேணாம் மாமா" என்றாய். லைன் இழுத்த இழுப்பில் எனக்குக் கேட்டது "சுடவேணும்". காதில் பிழையில்லை, நிலாவெளியில் மீன் துள்ளினால் எனக்கு இங்கே கேட்கும், சிக்னல்தான் சரியில்லை. வீட்டுப் பின்வளவில் அடுப்பு மூட்டி ஒரு சட்டிச் சேற்றை ஏற்றினேன். நல்லவேளை, நன்றாகச் சூடேறுமுன் நீ திரும்ப எடுத்துக் கத்தினாய். ஆறினபின் சட்டியையும் பீப்பாவுக்குள் போட்டு, நீ சொன்ன கந்தகத் தூளையும் தூவி மூடியை இறுக்கினேன். ஆஸ்பத்திரியிலும் எல்லாரையும் சோதித்து, பயமில்லை என்றார்கள். ஆனாலும் என் மகள் ரிஸ்லா, வயிற்றுப் பிள்ளையோடு, பீப்பா போகாமல் வரமாட்டேன் என்று கிண்ணியாவுக்குப் போய்விட்டாள். இதே வளவில் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு பூட்டிக் கிடக்கத் தலைப்பிள்ளையை மாமியார் வீட்டிலா பெறுவது? உன் மாமி என்னோடு கதைப்பதில்லை, தேத்தண்ணியை மட்டும் டக்கென்று மேசையில் வைக்கிறாள்.

பீப்பாவை எடுக்கச் சொல்லிச் சுற்றாடல் அலுவலர் கனகரத்தினம் ஐயாவிடம் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்துவிட்டது. ஆலைக் கழிவில் பாதரசம் பிரிக்க நோர்வேக்காரரே உன் மூலம் என்னிடம்தான் கேட்கிறார்கள் என்று ஊரில் கொஞ்சம் கதைத்திருந்தேன், அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. "உங்களை விட ஆர் இருக்கினம் ஹாஜியார், நீங்களே பிரிச்செடுங்கோ" என்கிறார். போதாக்குறைக்குச் சனம் உடைந்த டியூப் லைட்டுகளையும் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்களையும் கொண்டுவந்து என் படலை வாசலில் வைக்கிறது. கடைசியில் வாய்விட்டுச் சொன்னேன், "எனக்கு ஒண்டுமே தெரியாது ஐயா" என்று. மனிசன் சிரித்து, "படிச்ச ஆக்கள் இப்பிடித்தான் அடக்கமாக் கதைப்பினம்" என்று எழும்பிக் கதிரை தந்தார். மரியாதை கிடைத்தது, பீப்பா கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது.

ஆகவே மகள், உன் பல்கலைக்கழகத் தாளில், முத்திரை குத்தி, இங்கிலீஷில், என் மாமாவுக்குப் பாதரசத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, பீப்பாவை உடனே எடுங்கள் என்று எழுதி அனுப்பு. அந்தக் கடிதம் பிள்ளை பிறக்குமுன் வரவேண்டும். ரிஸ்லாவின் மாமியார் வீட்டுக்கு மட்டும் அதைக் காட்டமாட்டேன்.

தொழுகையை விடாதே, பசியோடு வேலைக்குப் போகாதே. அருளாளன் ரஹ்மான் உன் அறிவிலும் ஆயுளிலும் பறக்கத்தைத் தருவானாக. என் மேலுள்ள மரியாதையில் "கொஞ்சம் தெரியும்" என்று எழுதிவிடாதே.

உன்னைப் பிள்ளையாய் வளர்த்த மாமா,
கலீலுர் றஹ்மான்